தோட்டத்துக்கு ஒயர் இழுக்கிறோம்: இங்கிலாந்தின் கட்டட விதிகள் அதற்குப் பொருந்துமா?

இங்கிலாந்தில் முதல் வீடு வாங்கிய நம்மவர்கள் பின்தோட்டத்தில் என்னென்ன செய்யப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். மீன் பொரிக்கும் வாசம் வீட்டுக்குள் தங்காமல் இருக்க ஷெட்டில் ஓர் அடுப்பு. கறிவேப்பிலைச் செடி குளிர்காலத்தைத் தாண்டுவதற்குக் கண்ணாடிக் கூண்டில் ஒரு சின்ன ஹீட்டர். பாதையோரம் நாலு விளக்கு, சுவரில் ஒரு கேமரா. இப்போது மின்சாரக் காருக்கு ஒரு சார்ஜரும் சேர்ந்துகொண்டது. இத்தனைக்கும் வீட்டுக்குள்ளிருந்து ஒயர் வெளியே போயாக வேண்டும். அந்த வெளி ஒயருக்குக் கட்டட விதிகள் பொருந்துமா, கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இதற்கு இரண்டு பதில்கள் காதில் விழும். "தோட்டம் கட்டடமே இல்லையே, கட்டட விதி அங்கே எப்படி வரும்?" என்பார் ஒருவர். "முன்னாடி இருந்தது, 2013-ல் எடுத்துவிட்டார்கள்" என்பார் இன்னொருவர். முதல் பதில் தவறு. இரண்டாவது பதில் பாதிதான் சரி. அந்த மீதிப் பாதி தெரியாமல்தான் பலர் வீட்டை விற்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். சிலர் அதற்கு முன்பே, ஈரத் தரையில் நிற்கும்போது.

நான் சொல்வது இங்கிலாந்துக்கு. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து பற்றிக் கடைசிப் பக்கம் சில வரிகள் உண்டு.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

'விதி பொருந்துமா?' என்பது ஒரு கேள்வி. 'வேலையை அறிவிக்க வேண்டுமா?' என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் மேலே சொன்ன அரைகுறைப் பதில்கள் பிறக்கின்றன.

வீட்டு மின்வேலைக்கான கட்டட விதிக்குப் 'பார்ட் பி' (Part P) என்று பெயர். 2005 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது கேட்பது மிகச் சுருக்கமானது: மின்அமைப்பை வடிவமைக்கும்போதும் பொருத்தும்போதும், அதைப் பயன்படுத்துகிறவர், பராமரிக்கிறவர், மாற்றுகிறவர் யாருக்கும் தீயாலோ வேறு வகையிலோ ஆபத்து வராதபடி நியாயமான ஏற்பாடு செய்திருக்க வேண்டும். வீட்டோடு சேர்ந்த நிலத்துக்கும் இது பொருந்தும். மின்சாரம் உங்கள் வீட்டிலிருந்து போகிறது என்றால் தோட்டம், ஷெட், தனிக் கராஜ், கண்ணாடிக் கூண்டு எல்லாம் உள்ளடங்கியவை. தோட்ட விளக்கு, குளத்து மோட்டார், வெளிச்சுவரில் மாட்டிய ஏசி என எதற்கும் விலக்கு இல்லை.

ஷெட் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. படுக்கை வசதி இல்லாத, 15 சதுர மீட்டருக்கு மேற்படாத தனி ஷெட்டுக்குப் பொதுவாகக் கட்டட விதிகளிலிருந்து விலக்கு உண்டு. அதனால் "ஷெட்டுக்கே விதி இல்லை, அதன் ஒயருக்கு ஏது?" என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஷெட்டின் சுவருக்கும் கூரைக்கும் கிடைக்கும் அந்த விலக்கு, வீட்டிலிருந்து அதற்குப் போகும் மின்சாரத்துக்குக் கிடைப்பதில்லை. பலகையை நீங்கள் விருப்பப்படி அடிக்கலாம். ஒயரை அப்படி இழுக்க முடியாது.

ஆக முதல் கேள்விக்குப் பதில்: பொருந்தும், எப்போதும் பொருந்தும். ஒரே ஒரு வெளிவிளக்காக இருந்தாலும் சரி.

இரண்டாவது கேள்வியில்தான் 2013 வருகிறது. அதற்கு முன்பு தோட்டத்தில் ஒரு சாக்கெட் கூட்டினாலும் அறிவிக்க வேண்டியிருந்தது. 2013 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் அந்தப் பட்டியலைச் சுருக்கினார்கள். இப்போது அறிவிக்க வேண்டியவை மூன்றுதான். புதிய சர்க்யூட் போடுவது. கன்சூமர் யூனிட்டை, அதாவது நாம் ஃபியூஸ் பாக்ஸ் என்று சொல்லும் பெட்டியை, மாற்றுவது. குளியல் தொட்டி அல்லது ஷவரைச் சுற்றிய இடத்திலும், நீச்சல் குளமோ சௌனா ஹீட்டரோ உள்ள அறையிலும் இருக்கும் சர்க்யூட்டில் கைவைப்பது. சமையலறையும் தோட்டமும் பட்டியலிலிருந்து வெளியே போய்விட்டன. 'எடுத்துவிட்டார்கள்' என்று சொல்பவர் நினைவில் வைத்திருப்பது இதைத்தான். எடுத்தது அறிவிக்கும் கடமையை மட்டும். பாதுகாப்பாகச் செய்யும் கடமை அப்படியே இருக்கிறது.

படி 1: நிலையான ஒயரிங்கா, பிளக்கில் சொருகுவதா?

விதி பேசுவது நிலையாகப் பொருத்திய கேபிளையும் கருவியையும் பற்றி. தீபாவளிக்கு மரத்தில் சுற்றி, உள்ளே ஒரு சாக்கெட்டில் சொருகிவிட்டு, பிறகு கழற்றி வைக்கும் சரவிளக்கு இதில் சேராது. வெளியில் பயன்படுத்தலாம் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

12 வோல்ட் தோட்ட விளக்குகளுக்கு விதியே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. நிலையாகப் பொருத்தினால் அவையும் பார்ட் பி-க்குள் வருபவைதான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரை உள்ளே சாக்கெட்டில் சொருகி, குறைந்த வோல்ட் ஒயரை மட்டும் வெளியே கொண்டுபோகும் தயார்ப் பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன. பாதையோரம் நாலு விளக்கு மட்டும் போதும் என்றால் நான் அதையே வாங்கச் சொல்வேன். தவறு செய்ய இடம் குறைவு.

எக்ஸ்டென்ஷன் ஒயர் சங்கதி வேறு. சமையலறை ஜன்னல் வழியே ஒன்றை வெளியே விட்டு, வேலியோரம் கிளிப் அடித்து, வருடம் முழுக்க ஷெட்டுக்கு அதிலேயே மின்சாரம் கொடுப்பதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். பிளக்கில் சொருகியதுதானே, அறிவிக்க வேண்டாமே என்பது அவர்கள் கணக்கு. கிளிப் அடித்து நிரந்தரமாக்கிய பிறகு அது எக்ஸ்டென்ஷன் இல்லை, மோசமாகச் செய்த ஒயரிங். ஜன்னல் சட்டம் கேபிளை நசுக்கும், வெயில் உறையை வெடிக்க வைக்கும், இணைப்பு மழையில் கிடக்கும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

படி 2: புதிய சர்க்யூட்டா, இருப்பதன் நீட்சியா?

அறிவிக்க வேண்டுமா என்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில் முடிந்துவிடும். கன்சூமர் யூனிட்டின் முன் நின்றுகொள்ளுங்கள். உள்ளே ஒவ்வொரு பிரேக்கரும் ஒரு சர்க்யூட். உங்கள் வெளிவேலைக்கென்று அந்தப் பெட்டியில் புதிதாக ஒரு பிரேக்கர் ஒதுக்கி, அங்கிருந்து தனிக் கேபிள் கிளம்பினால் அது புதிய சர்க்யூட், அறிவிக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் சாக்கெட் சர்க்யூட்டிலிருந்தோ விளக்கு சர்க்யூட்டிலிருந்தோ ஒரு கிளை எடுத்தால் அது நீட்சி. இங்கிலாந்தில் அறிவிக்க வேண்டியதில்லை.

சமையலறைச் சுவருக்கு மறுபக்கம் ஒரு வெளிச் சாக்கெட், உள்ளே இருக்கும் சாக்கெட்டிலிருந்து கிளை எடுத்தது என்றால் நீட்சி. பின்கதவுக்கு மேலே சென்சார் விளக்கு, அதுவும் நீட்சி. 13 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஸ்பர், அதாவது இருக்கும் சர்க்யூட்டிலிருந்து எடுத்த கிளை, ஒன்றிலிருந்து ஷெட்டுக்கு விளக்கும் ஒரு சாக்கெட்டும் கொடுத்தால் அதையும் பொதுவாக நீட்சியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கன்சூமர் யூனிட்டிலிருந்து ஷெட்டுக்குத் தனிக் கேபிள் இழுத்து, அங்கே ஒரு குட்டிப் பெட்டி வைத்தால் புதிய சர்க்யூட். கார் சார்ஜரும் புதிய சர்க்யூட்தான். அதற்கு இன்னொன்றும் உண்டு: தெருவுக்கு மின்சாரம் கொண்டுவரும் விநியோக நிறுவனத்துக்கும் தகவல் போக வேண்டும். சார்ஜர் பொருத்துகிறவரே வழக்கமாக அதை அனுப்பிவிடுவார். அனுப்பினீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 13 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 2,990 வாட், ஏறக்குறைய 3 கிலோவாட். கடையில் கிடைக்கும் வேகமான கெட்டில் ஒன்றே 3 கிலோவாட் இழுக்கும். ஷெட்டில் கெட்டிலைப் போட்டுவிட்டு 2 கிலோவாட் ஹீட்டரையும் திருப்பினால் ஸ்பர் ஃபியூஸ் தாங்காது. நாலு அடுப்பு உள்ள மின்சார ஹாப் 7 கிலோவாட் அளவுக்குப் போகும். அதற்கு 30 ஆம்பியர் வேண்டும். ஆகவே, "அறிவிக்காமல் தப்பிக்க ஸ்பரிலேயே ஷெட் சமையலறையைச் செய்துவிடலாமா?" என்று கேட்டால், முடியாது. சட்டம் தடுப்பதற்கு முன்பே சுமை தடுத்துவிடும். கறிவேப்பிலைக்கான சின்ன ஹீட்டரும் ஒரு விளக்கும் மட்டும் என்றால் ஸ்பர் போதும், அந்தச் சர்க்யூட்டில் ஏற்கெனவே வாஷிங் மெஷினும் டிரையரும் மூச்சுத் திணறாமல் இருந்தால்.

என்னென்ன கருவி, எத்தனை வாட் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு எலக்ட்ரீஷியனிடம் போங்கள். "ஷெட்டுக்குக் கரண்ட் வேண்டும்" என்று மட்டும் சொன்னால் அவர் விளக்குக்கும் சாக்கெட்டுக்கும் விலை சொல்வார். அடுப்பு வந்து இறங்கியபின் தோண்டியதையே மறுபடி தோண்ட வேண்டியிருக்கும்.

படி 3: அறிவிக்க வேண்டிய வேலையா? மூன்று வழிகள்

சுலபமானது முதல் வழி. நிக்ஐக், நாபிட் போன்ற அங்கீகாரத் திட்டம் ஒன்றில் வீட்டு மின்வேலைக்குப் பதிவுசெய்த எலக்ட்ரீஷியனைப் பிடிப்பது. அவர் தன் வேலைக்குத் தானே சான்று தரலாம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கவுன்சிலுக்குத் தகவலும் உங்களுக்குக் கட்டட விதி இணக்கச் சான்றிதழும் வந்துசேரும். நீங்கள் கவுன்சில் பக்கமே போக வேண்டாம்.

இரண்டாவது, கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு நீங்களே அறிவிப்பது. நீங்களே வேலை செய்கிறீர்கள், அல்லது பதிவில்லாத ஒருவரை வைத்துச் செய்கிறீர்கள் என்றால் இந்த வழி. வேலை தொடங்கும் முன்பே அறிவிக்க வேண்டும், கட்டணமும் உண்டு. கட்டணம் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். சின்ன வேலைக்கு அந்தக் கட்டணமே பதிவுள்ள எலக்ட்ரீஷியனின் கூலிக்கு அருகில் வந்துவிடலாம், முதலில் விசாரியுங்கள்.

மூன்றாவது வழியில், மூன்றாம் தரப்புச் சான்றாளர் ஒருவரை வேலை தொடங்கும் முன்பே அமர்த்துவீர்கள். அவர் பார்த்துச் சோதித்துச் சான்று தருவார். இது அதிகம் புழக்கத்தில் இல்லை.

இங்கே நம்மவர்களிடம் மனம் விட்டுச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. 'நம்ம ஆள், ஊரில் இருபது வருஷம் ஒயரிங் செய்தவர், பாதி விலைக்கு முடித்துத் தருவார்' என்று யாராவது அறிமுகம் செய்வார்கள். அவர் கைத்திறன் உண்மையாகவே இருக்கலாம், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்த நாட்டில் எலக்ட்ரீஷியன் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்; சட்டத்தின் கண்ணில் கணக்கில் வருவது பதிவுதான். ஒயர் நிறங்களும் வேறு. நம் ஊரில் மூன்று ஃபேஸ் என்றால் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரல் கறுப்பு. இங்கே 2004-க்குப் பிறகு வந்த முறையில் நீலம் நியூட்ரல். மூன்று ஃபேஸில் கறுப்பு ஓர் உயிருள்ள ஃபேஸ். பழைய வீடுகளில் இன்னமும் சிவப்பும் கறுப்பும் சுவருக்குள் ஓடுகின்றன. ஒரே பெட்டியில் பழையதும் புதியதும் சந்திக்கும் வீடுகள் ஏராளம். பழகிய கண் ஏமாறக்கூடிய இடம் அது.

எனவே பெயரையும் பதிவு எண்ணையும் வாங்கி, அந்தத் திட்டத்தின் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். வேனில் ஒட்டியிருக்கும் சின்னம் போதாது. 'வேலையை நான் செய்கிறேன், பதிவுள்ள நண்பர் கையெழுத்துப் போடுவார்' என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பதிவுள்ளவர் தானே பொறுப்பேற்றுச் செய்த வேலைக்குத்தான் முதல் வழியில் சான்று தர முடியும்.

அறிவிக்க வேண்டாத வேலையை நீங்களே செய்யலாமா? சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதுவும் பி.எஸ். 7671 என்ற ஒயரிங் தரத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும், சோதித்தும் பார்க்க வேண்டும். 2018-ல் வந்த 18-ஆம் பதிப்பும் அதன் பிந்தைய திருத்தங்களும்தான் இப்போது அளவுகோல். அது தனிச் சட்டம் இல்லை என்றாலும், விதியை நிறைவேற்றியதாகக் காட்ட எல்லோரும் கைக்கொள்ளும் வழி அதுவே. விளக்கு எரிகிறது என்பது சோதனை ஆகாது. காப்பு எதிர்ப்பு, எர்த் பாதையின் எதிர்ப்பு, மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. விழும் நேரம் இவற்றை அளக்கத் தனிக் கருவி வேண்டும். அது கையில் இல்லாதவர் வெளி ஒயரிங்கைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் முடிவான கருத்து.

படி 4: வேலையில் என்ன இருக்க வேண்டும்?

நீங்கள் மண்வெட்டியைத் தொடாவிட்டாலும் இந்தப் பகுதியைப் படியுங்கள். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவரிடம் யாரும் அரைகுறை வேலை செய்துவிட்டுப் போக முடியாது.

முதலில் ஆர்.சி.டி.: போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இல்லை என்றால், அதாவது எங்கோ கசிகிறது என்றால், கண நேரத்தில் துண்டிக்கும் கருவி இது. வெளிச் சாக்கெட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. பாதுகாப்பு கட்டாயம். புதிதாகப் போடும் வீட்டு விளக்குச் சர்க்யூட்டுக்கும் 18-ஆம் பதிப்பு முதல் வேண்டும். உங்கள் கன்சூமர் யூனிட் பழையதாக இருந்து அதில் ஆர்.சி.டி.யே இல்லையென்றால், வெளிவேலைக்கு மட்டும் தனியாக ஒன்று பொருத்த முடியும். பெட்டியையே மாற்றுவதென்றால் அது அறிவிக்க வேண்டிய வேலையாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து மழை. வெளிக்கருவிகளில் 'ஐ.பி.' என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசி, இரண்டாவது தண்ணீர். இரண்டாவது 4 என்றால் எல்லாத் திசையிலும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 5 என்றால் குழாயால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். 7 என்றால் சிறிது நேரம் மூழ்கினாலும் தாங்கும். மழை நேராக அடிக்கும் சுவருக்கு 65 அல்லது 66 எடுங்கள். வாங்கும்போது, பிளக் சொருகியிருக்கும் நிலையிலும் மூடி முழுதாக மூடுகிறதா என்று பாருங்கள். பிளக்கைச் சொருகியதும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் பெட்டியில் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாகச் சரிய வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வரும்.

மண்ணுக்குள் போகும் கேபிள் பற்றி என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். நாங்கள் வீடு வாங்கிய முதல் வசந்தத்தில் பாத்தி கட்டத் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் மண்வெட்டி ஏதோ மெத்தென்ற ஒன்றில் பட்டது. சாம்பல் நிறத் தட்டைக் கேபிள். வீட்டுச் சுவருக்குள் போடும் அதே சாதாரண வகை. மேலே ஓடு இல்லை, எச்சரிக்கை நாடா இல்லை. முந்தைய உரிமையாளர் காலத்தில் யாரோ ஷெட்டுக்குப் போட்டது, அதில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. உறை கீறியதோடு போயிற்று. மண்வெட்டியின் முனை இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெண் அப்போது பக்கத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள்.

மண்ணில் புதைக்க வேண்டியது ஆர்மர்டு கேபிள், உள்ளே எஃகுக் கம்பிக் கவசம் உள்ளது. கவசத்தை எர்த்தோடு இணைத்திருக்க வேண்டும். மண்வெட்டி கிழித்தால் அந்த நொடியே பிரேக்கர் விழுவது அதனால்தான். இரண்டு முனையிலும் கேபிளைப் பிடித்துக்கொள்ளும் உலோக கிளாண்ட் போட்டு இறுக்க வேண்டும். ஆழம் இத்தனை என்று ஒயரிங் தரம் எண் சொல்வதில்லை. அந்த நிலத்தில் எதிர்பார்க்கக்கூடிய தோண்டலுக்கு எட்டாத ஆழம் என்றுதான் சொல்கிறது. நடைமுறையில் அரை மீட்டர் முதல் 60 சென்டிமீட்டர் வரை போகிறார்கள். காய்கறிப் பாத்தி வழியே போவதென்றால் பாதையை மாற்றச் சொல்லுங்கள். கேபிளுக்கு மேலே, மண்ணுக்குள், மஞ்சள் எச்சரிக்கை நாடாவை விரிக்க வேண்டும். குழியை மூடும் முன் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வேலியிலிருந்து எவ்வளவு தூரம் என்பது தெரியும்படி. வேலிப் பலகையில் கேபிளைக் கிளிப் அடிப்பதை நான் விரும்புவதில்லை. காற்றில் வேலி சாயும்போது கேபிளும் கூடவே போகும்.

தோண்டும் முன், தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் மின்கேபிளும் எரிவாயுக் குழாயும் எங்கே போகின்றன என்று கண்டுபிடியுங்கள். முன்தோட்டத்தில் இது மிக முக்கியம். மீட்டர் பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது என்பது ஒரு துப்பு. விநியோக நிறுவனத்தின் கேபிளில் ஏதாவது பட்டுவிட்டால் தொடாமல் விலகி நின்று 105-ஐ அழையுங்கள், இலவச எண்.

எர்த் பற்றித் தனியாக

இதுதான் வீட்டுக்குள் செய்யும் வேலையையும் தோட்டத்தில் செய்யும் வேலையையும் பிரிக்கும் விஷயம். பலர் இதைக் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள்.

இந்நாட்டில் ஏராளமான வீடுகளுக்கு எர்த் வருவது தெரு நியூட்ரலிலிருந்து. தெருவுக்கடியில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பி. உங்கள் மீட்டருக்கு அருகில் இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பொதுக்கம்பி தெருவில் எங்காவது அறுந்துபோனால், திரும்ப வழியில்லாத மின்னோட்டம் உங்கள் வீட்டு எர்த்தை உயர்ந்த வோல்ட்டுக்குத் தூக்கிவிடும். வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், கருவிகளின் உலோக உடல் எல்லாம் ஒன்றாக இணைக்கப்பட்டிருப்பதால் எல்லாமே சேர்ந்து உயரும். கைக்கும் காலுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்காது. தோட்டத்தில் அப்படி இல்லை. கால் ஈரமண்ணில், கை உலோகக் கூண்டில். நடுவே இருப்பது உங்கள் உடம்பு. ஆர்.சி.டி. இங்கே காப்பாற்றாது, ஏனென்றால் ஆபத்து வந்து சேர்வதே அது துண்டிக்காத எர்த் கம்பி வழியாக.

இப்படி அறுவது அரிது. ஆனாலும் உலோகக் கண்ணாடிக் கூண்டு, தண்ணீர்க் குழாய் போன ஷெட், சுடுநீர்த் தொட்டி, கார் சார்ஜர் போன்றவற்றுக்கு வீட்டு எர்த்தை அப்படியே கொண்டுபோகலாமா, ஷெட் பக்கத்திலேயே தனி எர்த் ராட் இறக்க வேண்டுமா என்று வடிவமைக்கிறவர் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும். புதிய கார் சார்ஜர்கள் பலவற்றில் இந்தக் கோளாறைக் கண்டறிந்து துண்டிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. நீங்கள் எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "என் வீட்டு எர்த் எந்த வகை, ஷெட்டுக்கு எதைக் கொடுக்கப் போகிறீர்கள், ஏன்?" காரணத்தோடு பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்பவரிடம் வேண்டாம்.

படி 5: காகிதம்

புதிய சர்க்யூட் அல்லது பெட்டி மாற்றம் என்றால், சோதனை அளவுகளோடு கூடிய மின்நிறுவல் சான்றிதழும் அதோடு கட்டட விதி இணக்கச் சான்றிதழும் கைக்கு வர வேண்டும். இரண்டும் வேறு வேறு. நீட்சி வேலை என்றால் சிறுவேலைச் சான்றிதழ் போதும். அறிவிக்க வேண்டாத வேலைதானே என்று அதைக் கேட்காமல் விடாதீர்கள். சோதித்துப் பார்த்ததற்கு உங்களிடம் இருக்கப்போகும் ஒரே அத்தாட்சி அது.

வீட்டை விற்கும்போது வக்கீல் நிரப்பித் தரச் சொல்லும் சொத்து விவரப் படிவத்தில், 2005 ஜனவரி 1-க்குப் பிறகு மின்வேலை ஏதும் நடந்ததா, நடந்திருந்தால் சான்று எங்கே என்ற கேள்வி இருக்கிறது. தோட்டத்து ஒயரும் அதில் சேர்த்திதான். வாங்கும் பக்கத்தில் இருக்கிறீர்களா? ஷெட்டில் ஒரு சுவிட்ச் கண்ணில் பட்டால் உடனே அதன் காகிதத்தைக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

ஏற்கெனவே செய்துவிட்டோமே என்பவர்களுக்கு

முதலில் பயத்தை விடுங்கள், வழி இருக்கிறது. அறிவிக்காமல் செய்த வேலையைப் பிற்பாடு சரிசெய்துகொள்ளக் கவுன்சிலிடம் 'முறைப்படுத்தல்' விண்ணப்பம் போடலாம். அவர்கள் பார்த்து, தேவையென்றால் சில இடங்களைத் திறந்து காட்டச் சொல்லி, குறையைத் திருத்தச் சொல்லி, பிறகு சான்று தருவார்கள். கட்டணம் உண்டு. போகாமல் விட்டால், விதி மீறிய வேலையைத் திருத்தவோ அகற்றவோ சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது, வழக்குப் போனால் அபராதமும் வரும்.

பதிவுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்து மின்நிலை அறிக்கை எடுத்தால், ஒயரிங் இன்றைக்குப் பாதுகாப்பாக இருக்கிறதா என்பது தெரியும். அது இணக்கச் சான்றிதழுக்கு மாற்று ஆகாது. ஆனாலும் என்னைக் கேட்டால் முதலில் அதைத்தான் எடுங்கள் என்பேன். விற்பனையைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். எங்கள் வீட்டில் அந்தச் சாம்பல் கேபிளைப் பார்த்த எலக்ட்ரீஷியன் முதல் வேலையாக அதைத் துண்டித்தார். புதிய ஆர்மர்டு கேபிள் பிறகு வந்தது.

வாடகை வீடு, ஃபிளாட், மற்ற நாடுகள்

வாடகைக்கு இருந்தால் நிலையான ஒயரில் கை வைக்காதீர்கள், வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடுகளுக்கு 2020-ல் வந்த விதிகளின்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது மின்நிலைச் சோதனை நடத்தி, அறிக்கையின் நகலை உங்களுக்குத் தருவது வீட்டுக்காரரின் கடமை. லீஸ்ஹோல்ட் ஃபிளாட் என்றால் ஒப்பந்தத்தைப் படித்து, தேவையான அனுமதியை முதலில் வாங்குங்கள்.

வேல்ஸில் 2013 மாற்றம் வரவில்லை. அங்கே தோட்டத்து விளக்கும் சாக்கெட்டும் இன்னமும் அறிவிக்க வேண்டிய வேலைகள். கார்டிஃபில் இருக்கும் உறவினருக்கு லண்டன் பதிலைச் சொல்லிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் கட்டட அனுமதி முறையே வேறு. வட அயர்லாந்தில் மின்வேலைக்கென்று இப்படியொரு பார்ட் பி இல்லை.

வேலை முடிந்த பிறகு

ஆர்.சி.டி.யில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை அழுத்திப் பார்க்கச் சொல்கிறது இப்போதைய தரம். மார்ச்சிலும் அக்டோபரிலும் கடிகாரத்தை மாற்றும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அதைச் செய்கிறோம், தேதி மறக்காது. அழுத்தியதும் சட்டென்று விழ வேண்டும். பிறகு தூக்கிவிட்டு, ஷெட்டுக்கு ஒரு நடை போய் வெளிச் சாக்கெட்டின் மூடியைத் திறந்து ஈரமோ துருவோ தெரிகிறதா, ரப்பர் உறை வெடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். பொத்தானை அழுத்தியும் விழவில்லை என்றால் அந்தச் சர்க்யூட்டை அணைத்து வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை கறிவேப்பிலைத் தொட்டி சமையலறை ஜன்னலோரம் இருக்கட்டும்.